கம்பளைப் பெரஹராவும் கடல் கடந்த பகைமையும்

இலங்கையில் 1915இல் மூண்ட சிங்கள–முஸ்லிம் கலவரத்தை அத்தீவின் உள்நாட்டு விவகாரமாகவே பலரும் எழுதிச் செல்வர். ஆனால் அதன் முதல் இலக்கானவர்கள் தமிழகக் கடற்கரை ஊர்களிலிருந்து சென்று கடை வைத்திருந்த வணிகர்களே. இவர்களைக் ‘கரையோரச் சோனகர்’ என்றும், தலைமுறைகளாக அங்கேயே வேரூன்றியோரை ‘இலங்கைச் சோனகர்’ என்றும் ஆங்கில அரசு பிரித்து எழுதிற்று. கடல் காணாத மங்கலம்பேட்டையில் இருந்துகொண்டு படிக்கும் நமக்கு இது வெறும் பெயர் வேறுபாடாகத் தோன்றலாம். அன்று அதில் உயிரும் உடைமையும் அடங்கியிருந்தன.

வழக்கு கம்பளையில் தொடங்கியது. வலஹகொட தேவாலயத்தின் பெரஹரா, மேளதாளத்துடன் கரையோரச் சோனகரின் பள்ளிவாசலைக் கடந்து செல்லலாமா என்பதே கேள்வி. 1912இல் அதிகாரிகள் பள்ளிவாசலின் அருகே இசையைத் தடுத்தனர். பௌத்த சமயத்திற்குப் பாதுகாப்பளித்த 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையைக் காட்டி தேவாலயத் தரப்பு வழக்காடியது. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் அதற்குச் சார்பாகத் தீர்ப்பளிக்க, 1915 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மே 28, வெசாக் இரவில் கண்டிப் பள்ளிவாசல் ஒன்றின் முன் மோதல் வெடித்தது; சில நாட்களில் மேற்கு, தென் மாகாணங்கள் வரை பரவிற்று. அரசுக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 4,075 கடைகள் சூறையாடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன.

பெரஹரா வெறும் திரிதான். போர்க்கால விலையேற்றமும் சில்லறை வணிகப் போட்டியும் மருந்தாகக் குவிந்திருந்தன. ‘அந்நியன் சுரண்டுகிறான்’ என்ற பிரசாரமும் பல்லாண்டுகளாக நடந்து வந்தது. தாக்கியவர்களோ கரையோரத்தவர், இலங்கையர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வாதிட்டதும், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து எழுதியதும் ஏட்டளவில் சுவையான விவாதம். கூட்டத்தின் கையிலிருந்த தீப்பந்தத்துக்கு இரண்டும் ஒன்றே. பின்னர் இராணுவச் சட்டத்தின் பெயரால் ஆங்கில அரசு சிங்களத் தலைவர்களைச் சிறையிட்டது. அக்கொடுமையே தேசிய வரலாறாயிற்று. எரிந்த கடைகள் அடிக்குறிப்பாயின.

இதே வரிசை வங்கக் கடலுக்கு அப்பாலும் நிகழ்ந்தது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூலையில், பர்மிய முஸ்லிம் ஒருவர் எழுதிய நூலின் மறுபதிப்பைக் கண்டித்து ஷ்வேடகோனில் கூட்டம் கூடியது. அது இரங்கூனில் இந்தியர் மீதான தாக்குதலாக முடிந்தது. கோபத்தின் அடியில் இருந்தவை நிலம், வட்டி, கலப்பு மணம் ஆகியவை. அங்கும் தமிழகத்துச் சூலியா வணிகரோடு, அம்மண்ணிலேயே பிறந்த ஜெர்பாதி முஸ்லிம்களும் அடிபட்டனர்.

1948க்குப் பிந்தைய குடியுரிமைச் சட்டங்களின் விளைவாகக் கரையோரச் சோனகரில் பெரும்பாலோர் இலங்கையை விட்டு வெளியேறினர். ‘அந்நியன்’ போய்விட்டான், பழி மட்டும் தங்கிவிட்டது. 2014 ஜூனில் அளுத்கமையிலும் பேருவளையிலும் கடைகள் மீண்டும் எரிந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் பொது பல சேனா கொழும்பில் நடத்திய மாநாட்டு மேடையில், பர்மாவின் 969 இயக்கத் துறவி விராத்து சிறப்பு விருந்தினராக அமர்ந்திருந்தார்.