கணக்கில் வாழ்ந்த இரசாயனப் பேராசிரியர்

இரசாயனவியல் என்றதும் கண்ணாடிக் குடுவையும் சுவாலையும் அமில நெடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், 1998 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபெல் பரிசை வோல்ரர் கோன் என்பாருடன் பகிர்ந்துகொண்ட ஜோன் போப்பிள், கணிதப் பட்டதாரி. தம்மை இரசாயன அறிஞர் என்பதிலும் கணித அறிஞர் என்றே கருதியவர். அத்தகைய ஒருவர் இரசாயன அறிஞர்களின் கைக்குப் புதியதொரு கருவியை வழங்கிய வரலாற்றையே நேயர்களுக்கு இன்று கூற விழைகின்றேன்.

போப்பிள் 1925 இல் இங்கிலாந்தின் சமசெற் மாவட்டக் கடலோரச் சிற்றூராகிய பேர்ணம்-ஒன்-சீயில் பிறந்தார். தந்தையார் துணிக்கடை நடத்தியவர். பன்னிரண்டு வயதளவில், குப்பைக் கூடையில் எறியப்பட்டுக் கிடந்த நுண்கணித நூலொன்றை எடுத்துத் தொடக்கம் முதல் இறுதி வரை படித்து முடித்தார். கிறிக்கற் அணியின் பதினொருவரையும் எத்தனை விதமாக வரிசைப்படுத்தித் துடுப்பெடுத்தாட அனுப்பலாம் என்ற கேள்விக்குத் தாமே விடை கண்டார். அவ்விடை 39,916,800. இத்தனை திறமையையும் அச்சிறுவர் ஒளித்து வைத்தார் என்பதே வியப்பு. மிகுந்த கெட்டிக்காரன் என்ற பெயர் வந்துவிடலாகாது என்றஞ்சி, வகுப்புப் பயிற்சிகளில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தினார். மூன்று ஆண்டுகளின் பின் பிறிஸ்ரல் கிராமர் பள்ளிக்குப் புதிதாக வந்த கணித ஆசிரியர் மிகக் கடினமான சோதனை ஒன்றை வைத்தார். அன்று ஆசையை அடக்க மாட்டாமல், பல கணக்குகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைக் காட்டிக் குற்றமற்ற விடைத்தாளைக் கொடுத்துவிட்டார். பெற்றோர் அழைக்கப்பட்டனர், கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரிப் புலமைப்பரிசிலுக்கு அவரை ஆயத்தஞ் செய்வதென முடிவாயிற்று. எளிய வினாக்களை மட்டுமே கேட்கும் வகுப்பறையில் இத்தகைய பிள்ளை எவர் கண்ணிலும் படாமலே போயிருக்கும் என்பது ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்குத் தெரியும்.

போர்க்காலத்தில், 1943 இல், கேம்பிரிட்ஜ் சென்றார். இடையிலே விமானத் தொழிற்சாலையொன்றில் பணியாற்றி மீண்டு, லெனாட்-ஜோன்ஸ் என்னும் பேராசிரியரின்கீழ் 1951 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் கொள்கை இரசாயனவியலின் நிலைமை விசித்திரமானது. இரசாயனத்தை ஆளும் விதிகள் முற்றிலும் தெரிந்துவிட்டன, அவற்றால் எழும் சமன்பாடுகளே தீர்க்க இயலாதவை என்று டிராக் 1929 இலேயே கூறியிருந்தார். பூட்டும் திறப்பும் கையில் இருந்தும் திறப்பைத் திருப்ப வலுவில்லாத நிலை அது.

இடர்ப்பாடு இதுதான். அணுக்கருவின் அருகே இலத்திரனின் நிலையைக் குறிக்கும் வளைகோடு கோபுரக் கலசம்போற் கூர்மையானது. பல அணுக்கள் சேர்ந்த மூலக்கூறில் அவ்வளைகோடுகளைக் கொண்டு தொகையீடு செய்வது பெரும்பாடு. கேம்பிரிட்ஜிலே பணியாற்றிய பிரான்சிஸ் போய்ஸ் 1950 இல் மாற்று வழியொன்றைக் காட்டினார். கலசத்துக்குப் பதிலாக, நெற்குவியல்போல் உச்சி மழுங்கிய கவுஸ் சார்புகளைக் கொள்க என்றார். இரு வேறு புள்ளிகளில் அமைந்த இரண்டு கவுஸ் சார்புகளைப் பெருக்கினால் மற்றொரு கவுஸ் சார்பே கிடைக்கும். ஆதலால் தொகையீடு எளிதாகும். போப்பிளின் புகழைப் பேசுவோர் போய்ஸின் பெயரைச் சிலவேளை விட்டுவிடுகின்றனர். அது முறையன்று. போய்ஸ் 1972 இற் காலமானார். நோபெல் பரிசோ இறந்தவர்க்கு வழங்கப்படுவதில்லை.

போப்பிள் 1958 இல் ரெடிங்ரனிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் நிருவாகப் பொறுப்பை ஏற்றார். கோப்புகள் ஆராய்ச்சிக்குரிய நேரத்தை விழுங்கின. 1964 இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகருக்குப் பேராசிரியராகப் பெயர்ந்தார். அங்கே அவரும் ஹேர், ஸ்ருவேட் என்போரும் 1969 இல், மூன்று கவுஸ் சார்புகளைத் தக்கவாறு கூட்டிக் கூரிய வளைகோடொன்றுக்கு ஈடாக்கும் முறையை வெளியிட்டனர். சார்புகளின் தொகை இருமடங்கானால் தொகையீடுகளின் தொகை ஏறத்தாழப் பதினாறு மடங்காகும். ஆகவே சிக்கனமும் விரைவுமே உயிர்நாடி. அடுத்த ஆண்டில் 'கவுசியன் 70' என்னும் கணனிச் செய்நிரல் வெளிவந்தது. இந்தியானாப் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கிய பரிமாற்ற நிலையத்தின் வாயிலாக அது பிற ஆய்வாளரையும் சென்றடைந்தது. கணிதத்தில் ஆழ்ந்த பயிற்சி இல்லாத இரசாயன அறிஞரும், குடுவையைத் தொடாமலே, ஒரு மூலக்கூறின் வடிவையும் சத்தியையும் கணித்தறியும் நிலை உண்டாயிற்று.

என் மதிப்பீட்டில், செய்நிரலினும் பெரிது அவர் வகுத்த ஒழுங்கு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் வசதிபோல் முறையை மாற்றலாகாது. ஒரே முறையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துக. பரிசோதனையால் ஏற்கெனவே அறியப்பட்ட அளவுகளோடு முதலில் ஒப்பிட்டுப் பிழையின் அளவைத் தெரிந்துகொள்க. அதன் பின்னரே அறியாததைக் கூறுக என்பது அவர் கொள்கை. 1991 இல் அவர் குழு வெளியிட்ட முறையொன்று, நன்கறியப்பட்ட 125 சத்தி அளவுகளைக் கொண்டு இவ்வாறே சோதிக்கப்பட்டது.

அதே 1991 ஆம் ஆண்டோடு கவுசியனுக்கும் அவருக்குமிருந்த தொடர்பு அறுந்தது. அச்செய்நிரல் 1987 இலே தனி நிறுவனமொன்றின் வணிகப் பொருளாகியிருந்தது. தம் கையால் தொடங்கியதை விட்டு நீங்கிய முதியவர் ஓய்ந்திருக்கவில்லை. முன்னாளில் தம்மிடம் பணியாற்றிய இளைஞர் ஒருவர் பங்குகொண்டு உருவாக்கிய கியூ-கெம் என்ற மாற்றுச் செய்நிரலின் ஆக்கத்தில் பின்னாளில் இணைந்துகொண்டார். நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருக்கையில் நோபெல் பரிசு வந்தது. 2003 இல் பிரித்தானிய அரசி அவருக்குச் 'சேர்' பட்டம் வழங்கினார். 2004 மார்ச் 15 ஆம் நாள் சிக்காகோ நகரிற் காலமானார்.