செவிப்புலனற்ற குழந்தையும் அதன் முதற் பள்ளியும்

குழந்தைக்கு முதற் பள்ளி வீடு; முதல் ஆசிரியை தாய். இதனை அறியாதார் இலர். தாலாட்டும் கொஞ்சுமொழியும் செவிவழிப் புகுந்தே மழலை பிறக்கின்றது. ஆனால், தாயின் குரல் எட்டாத குழந்தைக்கு அந்த முதற் பள்ளி எவ்வாறு நடைபெறும்? பள்ளியை மூடிவிட்டு, உரிய வயது வந்ததும் பிள்ளையை வேறோரிடத்தில் ஒப்படைப்பதா? அன்றி, அப்பள்ளியையே புதிய முறையில் நடத்தத் தாய் தந்தையரைப் பழக்குவதா? கடந்த இரு நூற்றாண்டுகளாகச் செவிப்புலனற்றோர் கல்வியின் வரலாறு இவ்வினாவைச் சுற்றியே நடந்து வந்துள்ளது. அதனை இரு குடும்பங்களின் கதை தெளிவாக்கும்.

முதலாவது குடும்பம் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் வாழ்ந்த வைத்தியர் மேசன் கொக்ஸ்வெல்லினுடையது. 1805ஆம் ஆண்டிற் பிறந்த அவருடைய மகள் அலிஸ், குழந்தைப் பருவத்திற் கண்ட கடுங் காய்ச்சலால் செவிப்புலனை இழந்தாள். 1814இல், அயல்வீட்டு இளைஞரான தோமஸ் கலோடெற் என்பார், அச்சிறுமி பிற பிள்ளைகளின் விளையாட்டிற் சேராது ஒதுங்கி நிற்பதைக் கண்டார். தம் தொப்பியைக் காட்டி, அதன் பெயரை ஒரு குச்சியால் மண்ணில் எழுதினார். பொருளுக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை அச்சிறுமி உணரத் தொடங்கினாள்.

தந்தையார் அத்துடன் அமையவில்லை. தம் மகளைப் போன்றோர் எத்துணையர் என்று விசாரித்தறிந்தார். நண்பர்களிடம் பொருள் திரட்டினார். 1815இல் கலோடெற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பிரித்தானியாவில் இக்கல்வியை நடத்திய பிரெயிட்வூட் குடும்பத்தார் தம் முறையைத் தொழில் இரகசியமாகக் காத்தனர். பாரிசு நகரத்துப் பள்ளியோ கதவைத் திறந்து வரவேற்றது. அங்கு ஆசிரியராயிருந்த செவிப்புலனற்ற அறிஞர் லோரன் கிளேர்க், 1816இல் கலோடெற்றுடன் கப்பலேறினார். அந்த நெடும் பயணத்தில் ஒருவர் சைகை மொழியைக் கற்பிக்க, மற்றவர் ஆங்கிலத்தைக் கற்பித்தார். 1817 ஏப்ரல் 15ஆம் நாள் ஹார்ட்போர்ட்டிற் பள்ளி தொடங்கிற்று. முதல் மாணாக்கருள் அலிசும் ஒருத்தி. ஒரு தந்தையின் கவலை ஒரு நாட்டின் கல்விக்கு வித்தாயிற்று.

ஆயினும், பள்ளிகள் பெருகப் பெருக, பெற்றோர் பங்கு வாயிற்படியோடு நின்றுவிட்டது. பிள்ளைகள் விடுதியில் தங்கிச் சைகை மொழியைத் தோழரிடமிருந்து கற்றனர். விடுமுறைக்கு வீடு திரும்பினால், அம்மொழியை அறிந்தோர் அங்கு இலர். கல்வி பெற்ற பிள்ளை தன் இல்லத்திலேயே விருந்தாளியானான்.

பின்னர், 1880இல் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சு முறையையே கைக்கொள்ள வேண்டுமெனத் தீர்மானித்தது. பேராளர் 164 பேருள் செவிப்புலனற்றவர் ஒருவரே. அத்தீர்மானத்தின் பயனாகப் பல நாடுகளிற் செவிப்புலனற்ற ஆசிரியர்கள் வேலை இழந்தனர். கையசைத்துப் பேசுவது குற்றமாகக் கருதப்பட்டது. யாருக்காக மாநாடு கூடிற்றோ, அவர்தம் சொல்லும் அவர்தம் பெற்றோர் சொல்லும் அங்கு எடுபடவில்லை.

இரண்டாவது குடும்பம் நாடக மேடையைச் சார்ந்தது. பின்னாளிற் திரைப்பட நடிகராகப் புகழ்பெற்ற ஸ்பென்சர் திரேசிக்கும் அவர் மனைவி லூயிசுக்கும் 1924இல் ஜோன் என்னும் மகன் பிறந்தான். அவன் பத்துமாதக் குழந்தையாயிருந்தபோது, ஒருநாள் கதவு ஒன்று பேரொலியுடன் அடைத்துக்கொண்டது. உறங்கிய குழந்தை விழிக்கவில்லை. தாய் அழைத்துப் பார்த்தார், அசைவில்லை. அக்கணமே அவருக்கு உண்மை விளங்கிற்று.

செவியைக் குணப்படுத்த மருந்தில்லை என அறிந்ததும் லூயிஸ் அம்மையார் சோர்ந்துவிடவில்லை. மேடை வாழ்வைத் துறந்து மகனுக்குத் தாமே ஆசிரியரானார். குழந்தையின் முகத்துக்கு நேரே அமர்ந்து, உண்ணும்போதும் உடுத்தும்போதும் விளையாடும்போதும் அவ்வப் பொருளின் பெயரைச் சொல்லிச் சொல்லி, உதட்டசைவாற் பொருளுணரப் பழக்கினார். ஆண்டுகள் பல சென்றன. அம்மகன் வளர்ந்து, வால்ட் டிஸ்னியின் படக்கூடத்திற் பணிபுரியும் நிலையை எய்தினார்.

தாம் தனியே தடுமாறிக் கற்றதைப் பிற தாய்மார் தடுமாறாது கற்கவேண்டும் என்பது அம்மையாரின் நோக்கமாயிற்று. 1942இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்கலைக்கழக வளவில் இருந்த ஒரு சிறு வீட்டில் தாய்மார் சிலர் கூடினர். ஜோன் திரேசி நிலையம் அவ்வாறு உதித்தது. பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பது அன்று அதன் விதியாயிருந்தது. பிள்ளையைப் பழக்குமுன் பெற்றோரைத் தேற்றுவதும் பயிற்றுவதும் அதன் முறை. நேரில் வரவியலாத குடும்பங்களுக்காக 1943இல் அஞ்சல்வழிப் பாடங்கள் தொடங்கின. எங்கோ ஒரு பண்ணை வீட்டிலிருந்த தாய்க்கும் கடிதவழித் துணை கிட்டிற்று.

எனினும் இப்பணிக்கும் ஓர் எல்லை இருந்தது. அந்நிலையம் வாய்ப்பேச்சையும் உதட்டசைவையுமே போற்றிற்று, சைகைக்கு இடமளிக்கவில்லை. உதட்டசைவு எல்லாப் பிள்ளைகளுக்கும் கைகூடுவதன்று. அது கைகூடாத பிள்ளை எம்மொழியுமின்றி இளமையைக் கழிக்க நேரிடும். சைகை மொழியும் தனக்கெனக் கட்டமைப்புடைய முழுமொழியே என்பதை வில்லியம் ஸ்டோக்கி என்னும் பேராசிரியர் 1960இல் ஆராய்ந்து காட்டினார். மிலான் தீர்மானங்களுக்காக வருந்துவதாக, 2010இல் வான்கூவரிற் கூடிய அனைத்துலக மாநாடு அறிவித்தது. அதற்கு நூற்று முப்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

குடும்பத்தின் பங்கு வெறும் பாசத்தின் பாற்பட்டதன்று என்பதை ஆய்வுகளும் மெய்ப்பித்தன. 1998இல் வெளியான, கொலராடோ மாநிலத்தில் நடந்த ஆய்வு, ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பெற்ற குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பெற்றோரைவிட மொழியில் முன்னேறியதைக் காட்டிற்று. 2000இல் மேரி மோலர் என்பார் 112 குழந்தைகளின் ஐந்து வயது நிலையை ஆராய்ந்தார். பதினோராம் மாதத்துக்குள் பயிற்சி தொடங்கியவர்கள் சொல்வளத்தில் மேம்பட்டிருந்தனர். அம்மேம்பாட்டோடு மிக நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது குடும்பத்தாரின் ஈடுபாடே.

இலங்கையில் இக்கல்வி 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பள்ளியுடன் வேரூன்றிற்று. அப்பள்ளி இரத்மலானையில் நிலைபெற்றது. வடபுலத்திற் கைதடி நபீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கு விடுதி இன்றியமையாதது. ஆனால் விடுதி வீட்டுக்கு ஈடாகாது. பிள்ளை கற்கும் சைகையைத் தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் பாட்டியும் கற்றாலன்றி, கற்ற மொழி பள்ளி மதிலுக்குள்ளேயே தங்கிவிடும்.

கொக்ஸ்வெல் ஒரு பள்ளியை உண்டாக்கினார். லூயிஸ் அம்மையார் வீட்டையே பள்ளியாக்கினார். இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பதே வரலாறு தரும் பாடம். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத குழந்தையைக் கண்ட தாய், விதியை நோவதிலும் தன்னைக் குற்றஞ் சாட்டுவதிலும் காலத்தைப் போக்கலாகாது. உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும். அன்றே குழந்தையின் முகம் நோக்கி, கண்ணாலும் கையாலும் வாயாலும் பேசத் தொடங்குதல் வேண்டும். அயலாரும் ஆசிரியரும் அத்தாயைத் தனியே விடலாகாது. செவியின் வாயில் அடைபட்டாலும் அறிவின் வாயில் அடைபடுவதில்லை. அதனைத் திறக்கும் முதற்கை பெற்றோருடையதே.