கடித உறையும் கைத்தொலைபேசியும்: ஒரு வரலாற்று நோக்கு

1844ஆம் ஆண்டில், இலண்டனிற் புகலிடம் பெற்றிருந்த இத்தாலியத் தேசியவாதி மசினிக்குத் தமது தபால் பற்றி ஐயமொன்று எழுந்தது. அதனைத் தீர்த்துக்கொள்ள அவர் கையாண்ட உபாயம் மிக எளியது. கடித உறைகளினுள்ளே கசகசா வித்துக்களும் மணற்றுகள்களும் மயிரிழைகளும் இடப்பட்டன. உறைகள் முத்திரை குலையாது வந்து சேர்ந்தன. வித்துக்கள் வந்து சேரவில்லை.

அவ்வாண்டு யூன் மாதம், பாராளுமன்ற உறுப்பினர் தோமஸ் டன்கோம் இதனைப் பொதுமக்கள் சபையில் எழுப்பினார். உள்நாட்டமைச்சர் சேர் ஜேம்ஸ் கிரகாம் ஆணை பிறப்பித்ததை மறுத்தாரல்லர், விபரங்கூறவே மறுத்தார். அடுத்த மாதம், மசினியோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த பண்டியேரா சகோதரர் தென்னித்தாலியிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். இலண்டனிலிருந்து கசிந்த தகவலே அவர்களுக்கு யமனாயிற்று என அக்காலத்துப் பலர் நம்பினர். நேரடித் தொடர்பு ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லையாயினும், திறக்கப்பட்ட ஒரு கடிதம் எத்தகைய அச்சத்தை விளைக்கும் என்பதற்கு அந்நம்பிக்கையே போதிய சான்றாகும். இரு சபைகளும் இரகசியக் குழுக்களை நியமித்தன. தபால் திணைக்களத்தின் இரகசியப் பிரிவும் மறைகுறி வாசிக்கும் பிரிவும் ஒழிக்கப்பட்டன. ஆணை பெற்றுக் கடிதந் திறக்கும் அதிகாரம் மட்டும் அப்படியே எஞ்சியது.

இவ்விவாதம் பெரும்பாலும் உறையின் உள்ளிருந்ததைப் பற்றியதாகவே அமைந்தமை ஈண்டு நோக்கற்பாலது. உறையின் வெளிப்புறம், அதாவது எவர் எவருக்கு எப்பொழுது எங்கிருந்து எழுதினார் என்பது, அந்தரங்கமாகக் கருதப்படவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1878இல் இவ்வேறுபாட்டைச் சட்டமாகவே வகுத்தது. முத்திரையிட்ட கடிதத்தைத் தேடுதலாணையின்றித் திறத்தலாகாது. அதன் புறத்தோற்றமும் நிறையும் அக்காப்புக்கு உட்படா. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1979இல், அதே நீதிமன்றம் தொலைபேசிக்கும் இந்நியாயத்தையே பொருத்தியது. பேச்சு அந்தரங்கமானது, சுழற்றிய இலக்கமோ பாவனையாளர் தாமாகவே கம்பனிக்குக் கொடுத்தது, ஆதலின் அதனைப் பொலிசார் ஆணையின்றியும் பெறலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரு வீட்டின் மேசைமேல் அசையாதிருந்த கருவியைப் பொறுத்தவரை இந்நியாயம் ஓரளவு பொருந்தியிருக்கலாம். கருவி சட்டைப்பைக்குள் வந்தபொழுதே இடர் தொடங்கியது எனலாம்.

2008ஆம் ஆண்டுக்குப் பின்னர்த் திறன்பேசிகளிற் செயலிகள் பெருகின. வானிலை கூறுஞ் செயலியும் விளையாட்டுச் செயலியும் இருப்பிடத்தை அறிய அனுமதி கோரின. செய்மதிச் சைகையைக் கொண்டும், அயலிலுள்ள கம்பியில்லா இணையத் தொடுப்புக்களைக் கொண்டும் அதனைக் கணித்தன. பல செயலிகளினுள் வேறு நிறுவனங்களின் நிரற்றுண்டுகள் பொதிந்திருந்தன. அவை இருப்பிடத்தையும் நேரத்தையும் ஒரு விளம்பர அடையாள எண்ணுடன் சேர்த்துத் தரவு வணிகருக்கு அனுப்பின. பெயர் சேர்க்கப்படவில்லை, ஆதலாற் கேடில்லை என்பது அவ்வணிகர் கூறும் சமாதானம். இச்சமாதானம் எவ்வளவு வலுவற்றது என்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு புலப்படுத்தியது. பதினைந்து இலட்சம் பேரின் கைத்தொலைபேசித் தடங்களை ஆராய்ந்தோர், இடமும் நேரமுஞ் சேர்ந்த நான்கே நான்கு புள்ளிகள் 95 சதவீதமானோரைத் தனித்து இனங்காணப் போதுமெனக் கண்டனர். இரவில் ஓர் இல்லத்திலும் பகலில் ஒரு விரிவுரை மண்டபத்திலும் தரித்துநிற்கும் கருவி எவருடையது என அறியப் பெயர் எதற்கு? உறையின் வெளிப்புறமே கடிதமாகிவிட்டது.

நீதிமன்றம் இதனை உணர நெடுங்காலஞ் சென்றது. டெட்ரோயிட் பகுதியிற் கடைகளைக் கொள்ளையிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கார்ப்பென்ரர் என்பவரின் (கொள்ளைபோன பொருள்களுட் கைத்தொலைபேசிகளும் அடங்கும் என்பது வேடிக்கையே) 127 நாள் நடமாட்டத்தைப் பொலிசார் தொலைபேசிக் கம்பனியிடமிருந்து பெற்றிருந்தனர். அதில் 12,898 இருப்பிடப் பதிவுகள் காணப்பட்டன. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் 2018இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, இத்தகைய பதிவுகளைப் பெறுதற்குப் பொதுவாகத் தேடுதலாணை வேண்டுமென்றது. சட்ட வரலாற்றில் இஃதொரு திருப்பமே. ஆயினும் இத்தீர்ப்பைச் சிலர் புகழுமளவிற்குப் புகழ எம்மால் இயலவில்லை. அது கட்டுப்படுத்தியது அரசைத்தான். செயலிகள் திரட்டிய தடங்களை வணிகர் ஒருவருக்கொருவர் விற்பதை அது தொடவில்லை. மருத்துவ நிலையங்கள், வழிபாட்டிடங்கள் போன்றவற்றுக்குச் சென்றோரின் இருப்பிடத் தரவுகளை விற்பதற்கு ஒரு நிறுவனத்தின்மீது ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு தடைவிதித்தது 2024இலேயே.

எமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அடிப்படை உரிமைகளை வகுக்கும் அரசியலமைப்பின் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை வெளிப்படையாகக் கூறப்படாமையால், இச்சட்டத்தின் பயனை எமது சட்டபீட நண்பர்கள் உன்னிப்பாக ஆராய்தல் தகும்.

பாவனையாளர் செய்யக்கூடியன இல்லாமலில்லை. செயலியைப் பயன்படுத்தும் வேளையில் மட்டும் இருப்பிட அனுமதி வழங்கலாம். விளம்பர எண்ணை அழிக்கலாம். தேவையற்ற செயலிகளை நீக்கலாம். எனினும் தொலைபேசி வலையமைப்புடன் இணைந்திருக்குமளவும் கோபுரங்களின் பதிவு தொடரும். அன்றியும், ஏலவே விற்கப்பட்ட தடம் எத்தனை கைகள் மாறியது என்பதை அறியும் வழி பாவனையாளரிடம் இல்லை. மசினியிடம் ஒரு பிடி கசகசாவாவது இருந்தது.