இலையிலிருந்து மனிதருக்கு: மலையக ஆராய்ச்சி நடந்த வழி

ஒரு நாட்டின் ஒரு பகுதி எவ்வாறு ஆராயப்பட்டது என்பதும் அப்பகுதியின் வரலாற்றில் ஓர் அதிகாரமே. எதனை அறிய விரும்பினர், எதனை அறியாமலே விட்டனர் என்பதிலிருந்து ஒரு காலத்தின் மனப்போக்கை நாம் உய்த்துணரலாம். இலங்கையின் மத்திய மலைநாடு, சிறப்பாக நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைப் பிரதேசம், இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். தாவரவியல், பூச்சியியல், புவியியல், மானிடவியல், கல்வியியல் எனப் பல்வேறு துறைகளைச் சார்ந்தோர் இம்மண்ணை ஆய்வுக்களமாகக் கொண்டுள்ளனர். அவ்வாய்வுகளை நிரல்பட நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஆராய்ச்சி முதலில் இலையை நாடிற்று. மனிதரை நாட அதற்கு நெடுங்காலம் சென்றது. இத்தாமதத்திற்கு மலையக மக்கள் கொடுத்த விலை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பி இலையும் வார்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டின் செல்வம் கோப்பியே. 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான துகள் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பேர்க்லி, இது இதுகாறும் அறியப்படாத பூஞ்சணம் எனக் கண்டு அதே ஆண்டில் அதற்குப் பெயரிட்டார். நோய் பரவியதும் அரசாங்கம் 1880 இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளரை வரவழைத்தது. அவர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் இங்குத் தங்கி, பசைப்பொருள் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, நோயின் வித்துகள் காற்றிலே பரவுவதை நிறுவினார். இடையிலே வேறு மரமின்றி மலைமலையாகக் கோப்பி ஒன்றையே பயிரிட்டமையே நோய்க்கு வாயில் திறந்தது என்பது அவரது ஆய்வின் முக்கிய பயன். பின்னாளில் அவர் கேம்பிரிட்ஜில் தாவரவியற் பேராசிரியரானார். கோப்பியோ மீளவில்லை. 1884 இல் ஒறியன்ரல் வங்கியும் முறிந்தது.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பெற்றது. 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர், அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரவிற்று. இம்மாற்றம் பயிர்மாற்றம் மாத்திரமன்று. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே பெருந்தொகையான ஆட்கள் வேண்டும்; தேயிலையிலோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே வந்துபோன தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் நிலைகொண்டனர். பெண்கள் தோட்டத்தின் முதன்மையான உழைப்பாளராயினர். இலையொன்றில் தோன்றிய நோய் ஒரு சமூகம் இங்கு வேரூன்றுவதற்கு ஏதுவாயிற்று எனல் மிகையாகாது.

பதிவு பெற்ற செடியும் பதிவு பெறாத மனிதரும்

தேயிலைக்கென 1925 இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அது பின்னர் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. அந்நிலையத்தின் பணி குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. இலைசுருட்டிப் புழுவை அடக்க, 1930 களின் நடுப்பகுதியில் யாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டமை உயிரியற் கட்டுப்பாட்டின் வெற்றிகளுள் ஒன்றாக இன்றும் எடுத்துரைக்கப்படுகின்றது. 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையில் தோன்றியபோது செப்பு மருந்துகள் கொண்டு அதனை எதிர்கொண்டனர். கோப்பிக்கு நேர்ந்த கதி தேயிலைக்கு நேராதமைக்கு இத்தகைய ஆராய்ச்சியும் ஒரு காரணமாகும். பின்னர் தெரிந்தெடுத்த தாய்ச்செடிகளின் துண்டங்களிலிருந்து உயர்விளைவுச் செடிகள் பெருக்கப்பட்டன. அவை ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. தாய் எது என்ற குறிப்பும் உண்டு.

அச்செடியை நட்டவரின் நிலை யாது? தோட்டத்தின் செக்றோலில் அவருக்கும் ஓர் எண் இருந்தது. ஆயின் அவருடைய தந்தை எங்குப் பிறந்தார், பாட்டனார் எந்த ஆண்டு வந்தார் என்பவற்றுக்குச் சான்று பெரும்பாலும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டங்களின் பிறப்பு, இறப்புப் பதிவுகள் குறைபாடுடையனவாகவே இருந்தன. 1849 இல் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை, 1841 முதல் 1848 வரை ஏறத்தாழ 70,000 தொழிலாளர் மாண்டனர் எனக் கணித்தமை வரலாற்று மாணவர் அறிந்ததே. இத்தொகையைப் பற்றிப் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் நீண்ட விவாதம் நடத்தியுள்ளனர். வந்தோர் தொகைக்கும் திரும்பியோர் தொகைக்கும் உள்ள வேறுபாடு முழுவதையும் இறந்தோர் தொகையாகக் கொள்ளல் பொருந்தாது. இங்கேயே தங்கியோரும் கணக்கிற்படாது திரும்பியோரும் அதனுள் அடங்குவர். எனவே அத்தொகை மிகையாயிருத்தல் கூடும். ஆனால் எத்தனை பேர் மாண்டனர் என்பதே விவாதத்துக்குரியதாக இருப்பதன் பொருள் என்ன? மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி வந்த பாதையில் வீழ்ந்தோரை ஒருவரும் ஒழுங்காக எண்ணவில்லை என்பதேயன்றோ?

எண்ணப்படாமையின் விளைவு ஒரு நூற்றாண்டு கழிந்தபின் சட்டத்தின் உருவில் வந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பு, அன்றேல் தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பு இலங்கையில் நிகழ்ந்தமைக்குச் சான்று கோரிற்று. செடிக்கு வழிமரபு எழுதிவைத்த நாட்டில் மனிதர் தம் வழிமரபைக் காட்ட ஏடில்லாது நின்றனர். 1947 இல் தலவாக்கலை மக்கள் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். அடுத்த பொதுத் தேர்தலில் அத்தகைய வாக்காளருட் பெரும்பாலோர்க்கு வாக்கே இல்லாது போயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரை இரு நாடுகளுக்குமிடையே பங்கிடும் கணக்காயிற்று: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும். எண்ணப்படாதிருந்த மக்கள் இப்போது எண்ணப்பட்டனர். எனினும் பண்டம் எண்ணப்படுவது போலவே எண்ணப்பட்டனர். எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

மனிதரை நோக்கிய ஆராய்ச்சி

மனிதரை முதன்மையாகக் கொண்ட தேடலைத் தொடக்கியோர் பல்கலைக்கழகத்தார் அல்லர். 1920 இல் இலங்கை வந்த கோ. நடேசய்யர், அந்நியர் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் துணி வியாபாரி வேடத்திற் சென்று அங்குள்ள நிலைமைகளை அறிந்து எழுதினார். சி. வி. வேலுப்பிள்ளை தொழிலாளரின் வாழ்வை எழுதியதோடு, அவர்தம் நாட்டார் பாடல்களையும் திரட்டினார். ஏட்டில் இல்லாத வரலாறு பாட்டில் இருக்கலாம் என்ற நம்பிக்கையே அவரை இயக்கியது எனலாம். சாரல் நாடன் நடேசய்யரின் பணியை மீட்டெழுதினார்.

கல்வியுலகம் இவர்களுக்குப் பின்னரே வந்தது. குமாரி ஜயவர்தனா 1972 இல் வெளியிட்ட தொழிலாளர் இயக்க வரலாறு இதில் ஒரு திருப்பம். 1996 இல் வலன்ரைன் டானியல் மானிடவியல் நோக்கில் வன்முறையையும் மலையக மக்களின் நினைவையும் ஆராய்ந்தார். 1999 இல் அஞ்செலா லிற்றில் தோட்டக் கல்வியின் வளர்ச்சியை ஆராய்ந்தார். 2001 இல் பற்றிக் பீபிள்ஸ், தோட்டத் தமிழர் நாடு திரும்பும் பறவைகள் என்ற பழைய கருத்தைக் கேள்விக்குள்ளாக்கி, அவர்கள் முற்காலத்திலேயே இங்கு நிலைகொண்டமையை எடுத்துக்காட்டினார். 1948 இன் சட்டத்தை எண்ணுவோர்க்கு இம்முடிவின் கனம் விளங்கும். 2007 இல் புவியியலாளர் ஜேம்ஸ் டங்கன் கோப்பிக்காலத்தில் தொழிலாளரின் உடலும் நோயும் ஆளப்பட்ட விதத்தை விளக்கினார். 2015 இல் குமாரி ஜயவர்தனாவும் ராகேல் குரியனும், 2019 இல் மைத்ரி ஜெகதீசனும் பெண் தொழிலாளரை ஆய்வின் நடுவில் நிறுத்தினர்.

இலையைப் பற்றிய ஆராய்ச்சியும் ஓயவில்லை. தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டு 1868 இல் இலங்கை மாதிரியைக் கொண்டு விவரிக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டின் பின் மரபணு ஆய்வுகள் அப்பெயரின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் அடங்கியிருந்தமையைக் காட்டின. 2019 இல் ஸ்ருவட் மக்குக் கோப்பி நோயின் உலக வரலாற்றை எழுதி, இயற்கை விஞ்ஞானத்தையும் சமூக வரலாற்றையும் ஒரே நூலில் இணைத்தார். துறைகளின் வேலிகள் தளர்கின்றன என்பதற்கு இது சான்று.

எனினும் அறிவு மிகுவதால் மாத்திரம் அது உரியோரைச் சென்றடைந்துவிடாது. 2014 ஒக்ரோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைப் பகுதியில் மீரியபெத்தை லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. அந்நிலம் அபாயமுடையது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. ஆராய்ச்சி முடிவு இருந்தது, மாற்றிடம் இருக்கவில்லை. மண்ணியலறிவு அறிக்கையில் நிற்க, மக்கள் மலையடிவாரத்தில் நின்றனர்.

2023 இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடைபெற்றது. முன்னோரை ஒருவரும் எண்ணாத பாதையிலே பின்னோர் தம் கால்களால் ஒரு பதிவை எழுதினர் எனலாம். நாம் மேற்கூறிய நூல்களுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. பல, பிறநாடுகளில் வெளிவந்தவை. யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அவர்களுடைய பிள்ளைகள் அவற்றைத் தம் மொழியிற் படிக்க இயலாத நிலை நீடிக்கின்றது. ஆகவே தமிழ் பயிலும் மாணவரின் முன் இரண்டு பணிகள் உள்ளன: ஒன்று, இவ்வாய்வுகளைத் தமிழிற் கொணர்தல், மற்றையது, தோட்டந்தோறும் எஞ்சியுள்ள செக்றோல்கள், கோவிற் கல்வெட்டுகள், கல்லறைகள், முதியோரின் வாய்மொழிகள் ஆகியவற்றை அழியுமுன் பதிவு செய்தல். ஏடின்மையால் உரிமையிழந்த ஒரு சமூகத்துக்கு ஏடமைத்துக் கொடுத்தல் வெறும் கல்விப் பணியன்று; அது நெடுங்காலம் தீர்க்கப்படாத ஒரு கடனைத் தீர்த்தலுமாகும்.