எல்லைக்கல்லை நகர்த்தினால்...

ஒரு டிசம்பர் காலை. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் கேமராவும் கையுமாக உட்கார்ந்து நானூறு படம் எடுத்தேன். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் என்று ஒருவர் பாக்கியில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் பாதியில் நின்றுவிட்டது. சி டிரைவில் இடமில்லையாம். பக்கத்திலேயே டி டிரைவ் முக்கால்வாசி காலி!

படத்தை டியில் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். போடலாம்தான். ஆனால் விண்டோஸ் மூச்சுவிட சியில் கொஞ்சம் இடம் வேண்டுமே. ஒரே டிஸ்க்கின் நடுவே இந்தச் சுவரை யார் கட்டினார்கள்? எதற்காக?

1983ல் ஐபிஎம் நிறுவனம் பிசி எக்ஸ்டி என்றொரு கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே 10 எம்பி ஹார்ட் டிஸ்க். இன்றைய செல்போனில் எடுக்கும் மூன்று படங்களுக்கே திணறிப் போகும். கூடவே வந்த டாஸ் 2.0, டிஸ்க்கின் முதல் மூலையில் குட்டியாக ஓர் அட்டவணை வைத்தது. மொத்தமே நான்கு வரி. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம். அவ்வளவுதான். பி.காம். படித்த எனக்கு அது லெட்ஜர் மாதிரிதான் தெரிகிறது. ஒரே டிஸ்க்கில் இரண்டு மூன்று ஆபரேட்டிங் சிஸ்டங்கள் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தத்தான் இந்த ஏற்பாடு.

அப்புறம் டிஸ்க் வளர்ந்தது. டாஸ் வளரவில்லை. ஒரு பகுதிக்கு 32 எம்பிக்கு மேல் அதனால் எண்ண முடியாது. 1987ல் வந்த டாஸ் 3.3, பெரிய டிஸ்க்கைக் கூறுபோட்டு டி, இ என்று பெயர் வைக்க வழி செய்தது. அந்த எல்லை எப்போதோ போய்விட்டது. கூறுபோடும் பழக்கம் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. விண்டோஸ் படுத்துக்கொண்டால் சியை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு, டியில் இருக்கும் கல்யாண ஆல்பத்தைக் காப்பாற்றலாம் அல்லவா?

சரி, கட்டிய சுவரை நகர்த்த முடியுமா? பழைய எஃப்டிஸ்க்குக்கு இடிக்கத் தெரியும், மறுபடி கட்டத் தெரியும். நகர்த்தத் தெரியாது. இடித்தால் உள்ளே இருந்தது போச்சு. 1993ல் ஆர்னோ ஷேஃபர் என்பவர் ஃபிப்ஸ் என்ற இலவச புரோகிராமை எழுதினார். முதலில் ஃபைல்களையெல்லாம் முன்பக்கம் ஒதுக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் காலியான பின்பக்கத்தை அது வெட்டித் தரும். பின்னால் பார்ட்டிஷன் மேஜிக் வந்து சக்கைப்போடு போட்டது. 2007ல் விண்டோஸ் விஸ்டாவிலேயே சுருக்கும் வசதி வந்துவிட்டது.

சூட்சுமம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். முதலில் குடியிருப்பவரை இடம் மாற்று. அப்புறம் அட்டவணையைத் திருத்து. வரிசை மாறினாலோ, நடுவில் கரண்ட் போனாலோ கதை கந்தல். காப்பி எடுத்து வைக்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களிலும் இரண்டு குடித்தனம் இருந்தது. ஒரு பக்கம் விண்டோஸ். மறுபக்கம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். இந்த மாதிரி ஒரு டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று லினக்ஸ் பகுதியை அப்படியே அழித்தால் என்ன ஆகும்? விண்டோஸுக்கு வழிகாட்டும் புரோகிராமும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் குடியிருக்கும். அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரைதான். வேண்டாத இடம் என்று நாம் நினைத்தது, வாசலாக இருந்திருக்கிறது!

இப்போது மறுபடி வேடந்தாங்கலுக்கு வாருங்கள். அங்கேயும் ஓர் அட்டவணை உண்டு. 1998ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அரசு அறிவித்தது. 2020ல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை புறப்பட்டு, பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. காகிதத்தில் மாறுவது ஓர் எண்தான். ஆனால் பறவைகள் ஏரியில் கூடு கட்டுமே தவிர, சாப்பாட்டுக்குச் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும்தான் பறந்து போகின்றன. வெளியே இருக்கும் அந்த 2 கிலோமீட்டர், காலி டி டிரைவ் இல்லை. ஃபைல்கள் நிறைந்த இடம். 2022ல் வேடந்தாங்கல் உலகளாவிய ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

லெட்ஜரில் எந்த வரவுக்கும் எங்கோ ஒரு பற்று உண்டு. எல்லையை நகர்த்தினால் புதிதாக இடம் பிறப்பதில்லை. யாரிடமிருந்தோ கைமாறுகிறது. கம்ப்யூட்டரிலாவது ஃபைல்களை முதலில் ஒதுக்கிவிட்டுச் சுருக்குகிறோம். நத்தைகுத்தி நாரையின் வயலை எங்கே ஒதுக்குவது? அதற்குக் காப்பியும் எடுத்து வைக்க முடியாதே.