ஏழாண்டுப் போரும் நம் கடற்கரையும்

1756 முதல் 1763 வரை நிகழ்ந்த ஏழாண்டுப் போருக்குக் காரணங்கள் இரண்டு. சைலீசியா மாநிலத்தின் பொருட்டுப் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இருந்த பகை ஒன்று; கடல் கடந்த வாணிகத்திலும் குடியேற்றங்களிலும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இருந்த போட்டி மற்றொன்று. ஜெர்மனியிலும் கனடாவிலும் நடந்த அப்போர், வீராம்பட்டினத்தை அடுத்த நம் கரையையும் விட்டுவைக்கவில்லை.

1760 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றார். அதன்பின் ஆங்கிலேயர் அரியாங்குப்பத்துக் கோட்டையைக் கைப்பற்றி, புதுச்சேரியை நிலத்திலும் கடலிலும் முற்றுகையிட்டனர். நகரில் உணவு அருகியது. நவம்பர் இறுதியில் லாலி ஏறத்தாழ 1,400 உள்ளூர் மக்களை நகரினின்றும் வெளியேற்றினார். ஆங்கிலேயரோ அவர்களைக் கடந்து செல்ல விடவில்லை. இரு படைகளுக்கும் இடையே எட்டு நாட்கள் அவர்கள் புல்லின் வேரைத் தின்று கிடந்தனர். அதன் பின்னரே ஆங்கிலேயர் வழிவிட்டனர்.

1761 புத்தாண்டு நாளில் வீசிய புயல் முற்றுகைக் கப்பல்கள் சிலவற்றை மூழ்கடித்தது. ஆயினும் பிரெஞ்சுக் கடற்படை உதவிக்கு வரவில்லை. ஜனவரி 16-ல் நகரம் பணிந்தது. கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன.

1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைப்படி, புதுச்சேரி 1765-ல் பிரான்சிடம் திரும்பியது. லாலி 1766-ல் பாரிஸில் சிரச்சேதம் செய்யப்பட்டார். இடிந்த நகரம் மீண்டும் கட்டப்பெற்றது. ஆனால், பட்டினி கிடந்த மக்களுக்கு ஈடு செய்ய எந்த உடன்படிக்கையும் எழுதப்படவில்லை. போர் வரலாற்றைப் பயிலும்போது, வெற்றி தோல்விகளோடு அந்த எட்டு நாட்களையும் சேர்த்துப் பயிலுங்கள்.