பிராங்க்ளினின் தந்த ஏடு

நாளுக்கான வேலைகளைப் பட்டியல் போட்டும் முடிக்க முடியாமல் திண்டாடுகிறவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இந்தப் பழக்கத்துக்கு முன்னோடியாகக் கொண்டாடப்படும் பெஞ்சமின் பிராங்க்ளினே அதில் தோற்றவர்தான். பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் நடத்திய இளமைக் காலத்தில் 13 நற்குணங்களை எழுதி, வாரத்தின் 7 நாட்களுக்கும் சிவப்பு மையில் கட்டம் போட்டு, தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்துவந்தார். ஒரு சுற்று முடிந்ததும் புள்ளிகளைச் சுரண்டிவிட்டு அதே ஏட்டில் மறுபடி தொடங்குவார். சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டது. பிறகு தந்தத் தகடுகளால் ஆன குறிப்பேட்டுக்கு மாறினார்: கோடுகள் அழியாத சிவப்பு மையில், புள்ளிகள் பென்சிலில், துடைக்க ஈரப் பஞ்சு. தாளே தாங்காத அளவுக்குத் தவறியவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அவரைப் பாடாய்ப் படுத்தியது மூன்றாவது குணமான ஒழுங்கு. அதற்காகவே 24 மணி நேரத்துக்கும் அட்டவணை போட்டார். காலை 5 மணிக்கு எழுவது, 8 மணிக்கு வேலை, நண்பகலில் படிப்பும் கணக்கும் சாப்பாடும், மாலையில் பொருள்களை அதனதன் இடத்தில் வைப்பது, இரவு 10 மணிக்குத் தூக்கம். இது ஏன் நடக்கவில்லை என்பதை 1784-இல், பாரிஸை அடுத்த பாசியில் இருந்தபோது, சுயசரிதையில் அவரே விளக்கினார். தன் நேரம் தன் கையில் இருக்கும் அச்சுத் தொழிலாளிக்கு இது சாத்தியம். நாலு பேரோடு பழகி, அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் வருகிறவர்களைச் சந்திக்க வேண்டிய முதலாளிக்கு முடியாது என்றார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொழிலாளியின் நேரம் ஒழுங்காக ஓடியதே முதலாளி அதை வரையறுத்து வைத்ததால்தானே? பட்டியல் பலிப்பது நாளுக்கு ஒரே எஜமான் இருக்கும்போது. அந்த எஜமான் நாமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

இத்தனை சாதித்தவருக்குப் பட்டியல் பலிக்கவில்லை என்பது எப்படி என்று கேட்கலாம். உடல்நலத்துக்கு மிதமான உணவையும் செல்வத்துக்கு உழைப்பையும் சிக்கனத்தையும் காரணம் காட்டிய அவர், ஒழுங்கில் மட்டும் தான் திருந்தாதவர் என்றே எழுதினார். 1748-இல், 42 வயதில், தொழிலைக் கூட்டாளியிடம் விட்ட பிறகாவது ஒழுங்கு வந்திருக்க வேண்டாமா என்பது இன்னும் வலுவான கேள்வி. வரவில்லை. 1778-இல் பாசியில் உடன் தங்கிய சக அமெரிக்கத் தூதர் ஜான் ஆடம்ஸ், கணக்கு வழக்குகள் முறையாக இல்லை என்று புலம்பினார். இதில் பிராங்க்ளினின் சொந்தக் குறையும் உண்டு: நினைவாற்றல் அபாரமாக இருந்ததால் காகிதங்களை அடுக்கிவைக்கும் பழக்கமே அவருக்குப் படியவில்லை. ஆனால் காலைச் சாப்பாடு முடிந்ததுமே அவர் வாசலில் வண்டிகள் வந்து குவிந்ததாக எழுதியவரும் அதே ஆடம்ஸ்தான். கடை போனாலும் ஆள் வரத்து நிற்கவில்லை.

அந்த அட்டவணை கணக்கில் எடுக்காத உழைப்பும் ஒன்று இருக்கிறது. மனைவி டெபோரா கடையைக் கவனித்தார், துண்டு நூல்களை மடித்துத் தைத்தார், காகித ஆலைகளுக்காகக் கந்தல் துணி வாங்கினார். அட்டவணையில் ‘வேலை’ என்று மட்டும் குறித்த மணிகளில் இவருடைய கை எவ்வளவு என்பதற்கு அதில் இடமே விடவில்லை.